ஒரே பெயரில் இருவர்

எங்கள் வகுப்பு இடாப்பில் 31 பேர். அதில் 17 பேரின் பெயர் பாத்திமாவில் தொடங்குகிறது. டீச்சர் "பாத்திமா" என்று மட்டும் கூப்பிட்டால் பாதி வகுப்பு எழுந்து நிற்கும் என்பதால் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. பரீட்சைத் தாளிலும் கொப்பி மட்டையிலும் அந்த அழகான பெயர் 'எஃப்' என்று ஓரெழுத்தாகச் சுருங்கிவிடும். அதற்கு முன்னால் வாப்பாவின் பெயருக்கு ஓரெழுத்து. வாப்பாமாரில் முஹம்மதுகள் அதிகம். ஆகவே அது பெரும்பாலும் 'எம்'. கடைசியில் வருவதுதான் வீட்டில் கூப்பிடும் பெயர்.

இந்த மூன்று துண்டுகளை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் யார் யார் என்று பிரித்தறிந்துவிடலாம் என நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையால் ஒரு தங்கச்சி எட்டு மாதம் மனம் நொந்து திரிந்தாள். அவளுடைய உம்மா எடுக்காத புத்தகத்துக்கு 2,400 ரூபா கட்டினார்.

அவளுடைய உண்மையான பெயரை இங்கே எழுதமாட்டேன். எம்.எஃப். றிஸ்னா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் 12 ஆம் தரத்தில் நூலக மாணவத் தலைவியாக இருந்தேன். நூலகத்தில் இரவல் கொடுப்பதைப் பதிய ஒரு பெரிய பதிவேடு உண்டு. நீல மட்டை, சிவப்பு முதுகு. தாள்களின் ஓரம் பூச்சி அரித்து வலைப்பின்னல் போலிருக்கும். திகதி, மாணவியின் பெயர், வகுப்பு, நூலின் பெயர், ஆசிரியர், நூலின் பதிவிலக்கம், தவணைத் திகதி, திருப்பிய திகதி என்று எட்டுக் கட்டங்கள். "இதையெல்லாம் கொம்பியூட்டர்ல ஏத்தினா எவ்வளவு லேசு" என்று பொறுப்பாசிரியை ஒருநாள் பெருமூச்சு விட்டார். நான் உடனே கையை உயர்த்தினேன். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கிறவள் அல்லவா!

மூன்று வாரம், பாடசாலை விட்ட பிறகு தினமும் ஒரு மணித்தியாலம். எக்செல்லில் எட்டு நிரல்கள் போட்டு, பதிவேட்டில் இருந்தது இருந்தபடி 1,140 வரிகளைத் தட்டச்சுச் செய்தேன். ஒரே எழுத்தாளரின் பெயர் பதிவேட்டில் நான்கு விதமாக எழுதப்பட்டிருந்தது. நானும் நான்கு விதமாகவே ஏற்றினேன். றிஸ்னா ஓரிடத்தில் ரிஸ்னாவாகவும் இன்னோரிடத்தில் ரிஷ்னாவாகவும் இருந்தாள். அதையும் திருத்தவில்லை. அதிபர் காலைக் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். அன்று வீட்டுக்குப் போய் மூத்தம்மாவிடம்கூட எக்செல் என்றால் என்னவென்று விளங்கப்படுத்தினேன். அவர் "கடைக்காரர்ர கடன் கொப்பி மாதிரியா?" என்று கேட்டார். இல்லை, இது வேறு என்று சொன்னேன். இப்போது யோசித்தால், கடைக்காரரின் கடன் கொப்பி என்னுடையதைவிட மேல். அதில் ஆளுக்கு ஒரு பக்கம் இருக்கும். எந்தப் பக்கம் யாருடையது என்று கடைக்காரருக்கு முகம் பார்த்தே தெரியும்.

வருடம் திரும்பியது. 9 ஆம் தரம் 10 ஆம் தரமானது. என் கோப்பிலும் வகுப்புகளை மாற்ற வேண்டும். 1,140 வரிகளை ஒவ்வொன்றாகத் திருத்தவா முடியும்? 'தேடி மாற்று' என்ற வசதியைத் திறந்து, '9 ஏ' இருக்குமிடமெல்லாம் '10 ஏ' என்றும் '9 பி' இருக்குமிடமெல்லாம் '10 பி' என்றும் மாற்றச் சொன்னேன். ஒரு கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்தது. மேல் தரங்களை முதலில் மாற்றிவிட்டுத்தான் கீழே வர வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு தடவை மாறிவிடும் என்பதைக்கூடக் கவனித்தேன். அவ்வளவு கெட்டித்தனம்!

எனக்கு எட்டாதது ஒன்று. 10 ஆம் தரத்துக்குப் போகும்போது பிள்ளைகள் தொகுதிப் பாடங்களைத் தெரிவு செய்கிறார்கள். அதற்கேற்ப வகுப்புகள் கலைத்துப் போடப்படுகின்றன. 9 ஏ யில் ஒரு எம்.எஃப். றிஸ்னா இருந்தாள். 9 பி யிலும் ஒரு எம்.எஃப். றிஸ்னா இருந்தாள். ஏ யில் இருந்தவள் சித்திரம் எடுத்து 10 பி க்குப் போனாள். பி யில் இருந்தவள் இலக்கியம் எடுத்து 10 ஏ க்கு வந்தாள். 9 ஏ றிஸ்னா இரவல் எடுத்திருந்த ஆங்கில - தமிழ் அகராதி என் கோப்பில் '10 ஏ' என்று மாறி, அதைக் கண்ணால்கூடக் கண்டிராத மற்றவளின் தலையில் ஏறியது.

இரண்டாம் தவணையில், புத்தகம் திருப்பித் தராதவர்களின் பட்டியலை அச்சிட்டு அறிவித்தல் பலகையில் ஒட்டினோம். அன்று இடைவேளையில் ஒரு மெலிந்த பிள்ளை நூலக வாசலில் வந்து நின்றது.

"ராத்தா, நான் டிக்சனரி எடுக்கல்ல."

நான் கோப்பைத் திறந்து பார்த்தேன். எம்.எஃப். றிஸ்னா, 10 ஏ. திருப்பிய திகதி வெற்று.

"கொம்பியூட்டர்ல இருக்கே தங்கச்சி" என்றேன்.

அதற்கு அவளிடம் பதில் இல்லை. யாரிடம்தான் இருக்கும்? பதிவேட்டில் இருக்கிறது என்று சொல்லியிருந்தால், காட்டுங்கள் பார்ப்போம், இது யாருடைய கையெழுத்து என்று கேட்டிருப்பாள். கொம்பியூட்டர் என்றதும் வாய் அடைத்துவிட்டது. உண்மையில் அங்கே இருந்தது நான் தட்டிய எழுத்துத்தான்.

அடுத்த கிழமை அவளுடைய உம்மா வந்தார். ஹோட்டல்களுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவர். கையில் நீராவி பட்ட தழும்புகள். "என்ட புள்ள பொய் சொல்லாது மகள். ஆனா நீங்க படிச்ச ஆக்கள் சொல்றீங்க, இருக்கும்" என்றார். தொலைந்த புத்தகத்துக்கு அதன் இன்றைய விலையைக் கட்ட வேண்டும் என்பது ஒழுங்கு. 1,500 ரூபாவை அன்றைக்கும் 900 ரூபாவை இரண்டு கிழமை கழித்தும் கட்டினார். நான் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்தத் தங்கச்சி நூலகத்தின் பக்கம் வரவில்லை. அதை நான் கவனிக்கவுமில்லை.

பிறகு எங்களுக்குத் தரவுத்தளப் பாடம் வந்தது. முதல் பாடத்திலேயே டீச்சர் கேட்ட கேள்வி: "ஒங்கட வகுப்பில ஒராள மட்டும் சுட்டிக்காட்ட ஆகக் குறைஞ்சது எத்தின தகவல் வேணும்?" பெயர் என்றோம். பாத்திமாக்களை எண்ணச் சொன்னார். பெயரும் பிறந்த திகதியும் என்றோம். எங்கள் வகுப்பில் இரட்டைப் பிள்ளைகள் இருவர் உண்டு. இருவருக்கும் ஒரே முதலெழுத்துகள். பெயர்கூட 'நஸ்ரின்', 'நஸ்ரீன்' என்பது போல ஒரு சுழியில்தான் வேறுபடும். எல்லோரும் அவர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எனக்கு ஏனோ அந்த அகராதி நினைவுக்கு வந்தது.

அன்று படித்ததை என் மொழியில் சொல்கிறேன். இங்கிலாந்தில் பிறந்த எட்கர் கொட் என்ற கணிதவியலாளர், இரண்டாம் உலக யுத்தத்தில் விமானியாக இருந்தவர், பிறகு அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். 1970 ஜூனில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். தொடர்புநிலைத் தரவுத்தளம் என்ற எண்ணம் அதிலிருந்துதான் பிறந்தது. அதற்கு முன்பு பெரிய தரவுத்தொகுதிகள் மரத்தைப் போல அமைந்திருந்தன. சந்திரனுக்கு ஆள் அனுப்பிய அப்பலோ திட்டத்தின் உதிரிப்பாகங்களைக் கணக்கு வைக்க உருவான ஐ.எம்.எஸ். அப்படிப்பட்டது. மரத்தில் கிளை வழியாகத்தான் இலைக்குப் போக முடியும். மாணவியைத் திறந்து அவளுக்குக் கீழே அவள் எடுத்த புத்தகங்களை வைத்திருந்தால், 'றிஸ்னா எதை எடுத்தாள்' என்ற கேள்வி சுலபம். 'இந்த அகராதியை யார் யார் எடுத்தார்கள்' என்று கேட்டால் ஒவ்வொரு மாணவியாகத் திறந்து பார்க்க வேண்டும்.

கொட் மரத்தை வெட்டிவிட்டு அட்டவணைகளைப் போட்டார். எந்த அட்டவணையிலிருந்தும் எந்தப் பக்கமாகவும் கேள்வி கேட்கலாம். 'தொடர்பு' என்பது அட்டவணைகளுக்கு இடையே போடும் கோடு என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது பிழை. கணிதத்தில் தொடைகள் படிக்கும்போது வருகிறதே தொடர்பு, அதுதான் இது. அட்டவணையே ஒரு தொடர்பு. தொடையில் மூலகங்களுக்கு வரிசை கிடையாது, ஒரே மூலகம் இரண்டு தடவை வராது. அட்டவணையிலும் அப்படியே. எத்தனையாவது வரி என்பதற்கு அங்கே பெறுமதி இல்லை. ஆகவே ஒவ்வொரு வரியையும் மற்றதிலிருந்து பிரித்துக்காட்ட ஒன்று கட்டாயம் தேவை. அதற்குப் பெயர் முதன்மைச் சாவி.

ஐ.பி.எம். பழைய முறையில் நல்ல வருமானம் பார்த்துக்கொண்டிருந்தபடியால் சொந்த வீட்டுப் பிள்ளையின் யோசனையை எடுத்துக்கொள்ள அவசரப்படவில்லை. பிறகு அங்கேயே டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பொய்ஸும் சேர்ந்து, இந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கான மொழியை உருவாக்கி 1974 இல் அறிமுகப்படுத்தினார்கள். அதுதான் இன்று நாங்கள் பரீட்சைக்குப் பாடமாக்கும் எஸ்.கியூ.எல். பொய்ஸ் அந்த வருடமே இளவயதில் இறந்துபோனார். கொட்டுக்கு 1981 இல் டியூரிங் விருது கிடைத்தது.

டீச்சர் வீட்டுவேலையாக, பாடசாலையில் உள்ள ஏதாவதொரு பதிவேட்டை அட்டவணைகளாகப் பிரித்துவரச் சொன்னார். நான் வேறு எதை எடுப்பேன்? என் எட்டு நிரல்களைத்தான் மூன்றாகப் பிரித்தேன். மாணவி ஓர் அட்டவணை. அதில் அனுமதி இலக்கம், முழுப் பெயர், வகுப்பு. நூல் ஓர் அட்டவணை; அதில் பதிவிலக்கம், நூலின் பெயர், ஆசிரியர். மூன்றாவது இரவல். அதில் பெயர்களே கிடையாது. எந்த அனுமதி இலக்கம், எந்தப் பதிவிலக்கத்தை, எப்போது கொண்டுபோனது, எப்போது திருப்பியது, அவ்வளவுதான். வேறோர் அட்டவணையின் முதன்மைச் சாவி இங்கே வந்து குடியிருப்பதால் அதற்கு அந்நியச் சாவி என்று பெயர்.

இப்படிப் பிரித்தால், றிஸ்னா வகுப்பு மாறும்போது மாணவி அட்டவணையில் ஓரிடத்தில் மாற்றினால் போதும். அவள் எடுத்த புத்தகங்கள் அவளோடேயே போகும்; வகுப்பறையோடு நின்றுவிடாது. ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் எழுது என்பதுதான் இதன் சாரம். நான் ஒரே செய்தியை 1,140 இடத்தில் எழுதிவிட்டு, 'தேடி மாற்று' என்ற தும்புத்தடியால் கூட்டித் தள்ளியிருந்தேன்.

எது சாவி என்பதில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. என் தோழி தேசிய அடையாள அட்டை இலக்கத்தைப் போடலாம் என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 6 ஆம் தரத்துப் பிள்ளையிடம் அட்டை ஏது? இன்னொன்று, அந்த இலக்கம் வெறும் இலக்கமல்ல, அது பேசும். பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும். 2016 முதல் 12 இலக்கங்கள். தொடக்கத்தில் பிறந்த வருடம். அடுத்த மூன்று இலக்கங்கள் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு. ஆகவே எந்த வருடமானாலும் மார்ச் 1 ஆம் திகதி பிறந்த பெண்ணுக்கு 561. இலக்கத்தைப் பார்த்தவருக்கு வயது, பிறந்தநாள், ஆணா பெண்ணா எல்லாம் தெரிந்துவிடும். இரவல் புத்தகம் கொடுப்பதற்கு நூலகத்துக்கு ஏன் இதெல்லாம்?

எங்கள் மூத்தம்மாவின் இலக்கத்தில் 501 இருக்கிறது. ஜனவரி 1. அவர் பிறந்தது நோன்பு மாதத்தில், மழை நாளொன்றில் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். யாரோ ஒரு லிகிதர் எழுதிய ஊகம் சாவியாகி, அவர் காலம் முழுவதும் கூடவே வருகிறது. அர்த்தத்தைச் சாவிக்குள் வைத்தால் அர்த்தம் பிழைக்கும்போது சாவியும் பிழைக்கும். எங்கள் அனுமதி இலக்கத்தில் அப்படி எந்த அர்த்தமும் இல்லை. சேர்ந்த அன்று ஒருதரம் கொடுப்பார்கள்; யாருக்கும் இரண்டாம் தரம் கொடுப்பதில்லை. அதுவே சாவி என்று முடிவானது.

சிக்கல், பழைய பதிவேட்டில் அனுமதி இலக்கம் எழுதப்படவில்லை. திருப்பப்படாத இரவல்கள் 63. அவை ஒவ்வொன்றுக்கும் நீலப் பதிவேட்டில் அன்றைய வகுப்பைப் பார்த்து, அந்த வருடத்து வகுப்பு இடாப்பைத் தேடி, இலக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அகராதியின் வரி வந்தது. பதிவேட்டில் 9 ஏ. பழைய 9 ஏ இடாப்பில் றிஸ்னாவின் இலக்கம் 7412. சரி பார்க்கலாம் என்று இந்த வருட 10 ஏ இடாப்பைத் திறந்தேன். அங்கே றிஸ்னாவின் இலக்கம் 7589.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்தது. இரண்டு இடாப்புகளையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு எண்ணாக விரலால் தொட்டு மறுபடி வாசித்தேன்.

10 பி க்குப் போய் 7412 றிஸ்னாவிடம் கேட்டேன். "ஓம் ராத்தா, அது வீட்டுலதான் இருக்கு. ஒருத்தரும் கேக்கல்லயே" என்றாள். பலகையில் 'எம்.எஃப். றிஸ்னா, 10 ஏ' என்று கண்டபோது அது மற்றவளுக்கு என்றே நினைத்திருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல எதுவுமில்லை. அடுத்த நாள் அகராதியைக் கொண்டுவந்து தந்தாள். மட்டையில் தையல் மெசின் எண்ணெய் பட்டிருந்தது.

பொறுப்பாசிரியையிடம் போய்ச் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நூலக நிதியிலிருந்து 2,400 ரூபாவை எண்ணி ஒரு கடிதவுறையில் போட்டார். "நீங்களும் வாங்க" என்றார்.

அந்த வீட்டில் எங்களுக்குத் தேத்தண்ணி தந்தார்கள். நான் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். றிஸ்னா கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள். அவளுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. உம்மா உறையைத் திறக்காமலேயே மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"சல்லி பரவாயில்ல மகள். போட்டில ஒட்டின பேர எப்புடி அழிக்கிற?"

அடுத்த நாளே அதே பலகையில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் ஒட்டினோம். பழைய பட்டியல் எத்தனை கிழமை தொங்கியதோ அத்தனை கிழமை அதுவும் தொங்கியது. ஆனால் அவர் கேட்ட கேள்வி அதோடு தீரவில்லை. என் எக்செல் கோப்பு எங்கெல்லாம் போயிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். நூலகக் கணினியில் ஒன்று. பொறுப்பாசிரியையின் மடிக்கணினியில் ஒன்று. என் பென்ட்ரைவில் ஒன்று. அலுவலகத்தில் ஒன்று, விடுகைப் பத்திரம் கொடுக்குமுன் நூலகக் கடன் பார்ப்பதற்காக அவர்கள் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். றிஸ்னா படிப்பு முடித்துப் போகும் நாளில் அந்த நான்காவது பிரதி விழித்துக்கொண்டு மறுபடியும் அவளைக் கடன்காரி என்றிருக்கும். நான் கல்லூரியை விட்டுப் போயிருப்பேன். அவளுக்காகப் பேச அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள். நான்கையும் அழித்தோம். நீலப் பதிவேட்டை மட்டும் அலுமாரியில் பூட்டி வைத்தோம். அது இருந்தபடியால்தான் உண்மை வெளிவந்தது.

இந்தக் கதையை எங்கள் இஸ்லாம் பாட டீச்சரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "இது பழைய பிரச்சின பிள்ள" என்றார். ஹதீஸ் அறிவிப்பாளர்களை ஆராய்ந்தவர்களுக்கு ஒரே பெயரில் பலர் இருப்பது பெரும் தலையிடியாம். ஹிஜ்ரி 463 இல் (கி.பி. 1071) காலமான அல்-கதீப் அல்-பக்தாதி, பெயராலும் தந்தை பெயராலும் ஒத்து ஆளால் வேறுபட்டவர்களைப் பற்றி மட்டும் தனி நூல் எழுதியிருக்கிறார். 'அல்-முத்தபிக் வல்-முப்தரிக்' என்பது அதன் பெயர். இந்தத் துறையில் காட்டப்படும் புகழ்பெற்ற உதாரணம் கலீல் இப்னு அஹ்மத். அந்தப் பெயரில் ஆறு பேர் இருந்திருக்கிறார்கள். ஊர், தொழில், காலம், யாரிடம் படித்தார், யாருக்குப் படித்துக்கொடுத்தார் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் இவர் அவரல்ல என்று பிரிப்பார்களாம். நம்பகமான ஒருவரின் இடத்தில் நம்பகமற்ற ஒருவரை வைத்துவிடக்கூடாதே என்ற பயம். எங்கள் பாடப் புத்தகத்தில் பல புலங்கள் சேர்ந்த கூட்டுச் சாவி என்று வருவது இதுதானே என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். அந்த ஆறு கலீல்களில் முதலாமவர்தான் அரபு மொழியின் முதல் அகராதியைத் தொகுத்தவர் என்று டீச்சர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கே போனாலும் அகராதி என்னை விடுவதாயில்லை.

புதிய தரவுத்தளத்தை அக்சஸில் செய்தேன். இரண்டு விடயங்களில் அது என்னோடு சண்டை பிடித்தது.

ஒன்று, வாப்பாவின் இடமாற்றத்தோடு ஊரை விட்டுப் போன ஒரு மாணவியை நீக்கப் பார்த்தேன். தொடர்புள்ள பதிவுகள் வேறு அட்டவணையில் இருப்பதால் நீக்க முடியாது என்று திரையில் எழுத்து வந்தது. எனக்கு முதலில் எரிச்சல். பார்த்தால், அவளுடைய பெயரில் இன்னும் ஒரு கவிதைத் தொகுப்பு இரவல் இருந்தது. அவளை அழித்திருந்தால் அந்தப் புத்தகம் ஆளில்லாத கடனாக அந்தரத்தில் தொங்கியிருக்கும். பழைய கோப்பில் இப்படி எத்தனை வரிகளைக் கேள்வி கேட்பாரில்லாமல் அழித்தேனோ!

மற்றது வெற்றிடம். 'திருப்பிய திகதி' வெற்றாக இருந்தால் புத்தகம் வரவில்லை என்று நான் வாசித்து வந்தேன். ஆனால் வந்தும் எழுத மறந்திருக்கலாம். அல்லது வந்ததா என்று யாருமே போய்ப் பார்க்காமல் இருந்திருக்கலாம். வெற்றுக்கட்டம் தெரியாது என்று மட்டும்தான் சொல்கிறது. இல்லை என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்றென்று எடுத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளையின் பெயரைப் பலகையில் ஒட்டுவது எவ்வளவு பெரிய பாய்ச்சல்! இப்போது பட்டியலை ஒட்டுவதே இல்லை. தவணை கடந்தால் முதலில் இறாக்கையில் தேடுகிறோம். பிறகு அந்த மாணவியிடம் தனியாகக் கேட்கிறோம். கேட்ட திகதியைப் பதிய ஒரு புலமும் சேர்த்திருக்கிறேன். எங்கள் நாட்டில் 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது என்று டீச்சர் சொன்னார். பள்ளிக்கூடப் பலகைக்கு அதில் என்ன இருக்கிறது என்று நான் ஆராயவில்லை. எனக்கு அந்த வீட்டின் கதவுத் திரையே போதுமாக இருந்தது.

கடந்த மாதம் நூலகப் பொறுப்பை 11 ஆம் தரத் தங்கச்சிமார் இருவரிடம் ஒப்படைத்தேன். அவர்களில் ஒருத்தி கெட்டிக்காரி. "ராத்தா, எல்லாரும் இலக்கம் மறந்திட்டு வாறாங்க. பேரடிச்சுத் தேடுற மாதிரி செஞ்சா என்ன?" என்றாள். செய்து கொடுத்தேன். ஆனால் றிஸ்னா என்று அடித்தால் றிஸ்னா, ரிஸ்னா, ரிஷ்னா எல்லோரும் வரிசையாக வருவார்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் அனுமதி இலக்கமும் வாப்பாவின் முழுப் பெயரும் இருக்கும். ஒருத்தியைத் தெரிவு செய்யாமல் அடுத்த திரைக்குப் போக முடியாது. எத்தனை பேர் வருகிறார்கள் என்று அடித்துப் பார்த்தோம். முழுக் கல்லூரியிலும் ஏழு.

நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவள் வந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு. கொஞ்சம் உயர்ந்திருந்தாள். வாசலில் நிற்காமல் நேரே மேசைக்கு வந்து ஒரு நாவலை வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. புதுத் தங்கச்சி விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு "பேர்?" என்று கேட்டாள்.

"7589" என்றாள் றிஸ்னா.

இதை எழுதும்வரை அந்த நாவலின் திருப்பிய திகதி வெற்றாகத்தான் இருக்கிறது. தவணை வருகிற வியாழக்கிழமை.